தளம் போடும் முன் டேப்பைப் பிடியுங்கள்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில், 30க்கு 40 மனையில் வீடு கட்டுகிறோம். வீட்டுக்கு முன்னால் 20 அடி ரோடு. கணவர் துபாயில் இருப்பதால் நான்தான் நின்று பார்க்கிறேன். விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே பிளான் அனுமதி கிடைத்தது. ஹால் பெரிதாக வேண்டும் என்று நான் கேட்டதால், மேஸ்திரி முன்பக்கத் தூண்களை ரோட்டுப் பக்கம் இரண்டரை அடி தள்ளிப் போட்டுவிட்டார். அஸ்திவாரத்தின் மேல் பெல்ட் கான்கிரீட் போட்டுத் தூண்கள் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்ததில், வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. “இருபது நாளில் கூரைத் தளம் போட்டுவிட்டால் யாரும் இடிக்க மாட்டார்கள், அப்புறம் அபராதம் கட்டிச் சரி பண்ணிக்கொள்ளலாம்” என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, வேலையை இன்றே நிறுத்துங்கள். சென்ட்ரிங் பலகை வந்து இறங்கியிருந்தாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள். இப்போது உங்கள் தவறு நாலைந்து தூண்களோடு நிற்கிறது. தளம் போட்டுவிட்டால் அது வீட்டின் தவறாகிவிடும்.

மேஸ்திரி சொல்லும் அபராதக் கணக்கு உங்களுக்கு உதவாது. நம் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு இருக்கிறது. விதிமீறிய கட்டிடங்களை வரன்முறைப்படுத்த வந்த அந்தப் பிரிவு, 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். இப்போது எழும்பும் தூணுக்கு அதில் இடமில்லை. கட்டி முடித்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். செலவாகிவிட்டது, அதிகாரிகள் தாமதித்தார்கள் என்பதையெல்லாம் விதிமீறலுக்குக் கேடயமாகக் காட்ட முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சுயசான்று பற்றியும் ஒரு வார்த்தை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்காக 2024 ஜூலையில் வந்த நல்ல திட்டம் அது. எத்தனையோ குடும்பங்களின் அலைச்சலைக் குறைத்திருக்கிறது. ஆனால் அங்கே யாரும் வந்து உங்கள் மனையை அளக்கவில்லை. “இந்த அளவில்தான் கட்டுவேன்” என்று நீங்கள் கொடுத்த வாக்கை நம்பித்தான் அனுமதி தந்தார்கள். அதனால் அளவு மாறினால் முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான், மேஸ்திரியிடம் இல்லை.

சரி, அடுத்து என்ன? முதலில் அளந்து பாருங்கள். எங்கள் வீடு கட்டும்போது மேஸ்திரி தார் ரோட்டின் ஓரத்தை மனையின் எல்லையாக வைத்து நூல் கட்டினார். முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, அஸ்திவாரத்துக்கு வானமும் தோண்டியாயிற்று. புல வரைபடத்தோடு சர்வேயர் வந்து அளந்தபோது, உண்மையான எல்லைக்கல் ஒன்றே முக்கால் அடி உள்ளே மண்ணுக்கடியில் கிடந்தது. குழியோடு போனதால் பிழைத்தோம். உங்கள் நூலையும் எதிலிருந்து கட்டினார் என்று கேளுங்கள். கல் தெரியவில்லை என்றால் இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அளக்கும்போது கூப்பிடுங்கள். புகார் கொடுத்தவர் என்ற கோபம் இருக்கும். ஆனாலும் அவர் கண்முன் டேப் விரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

9 மீட்டருக்கு உட்பட்ட ரோட்டில் முன்பக்கம் காலியாக விட வேண்டியது 1.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி. உங்கள் பிளானிலும் 5 அடிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் திருத்திய பிளான் கொடுத்தாலும் அந்த இரண்டரை அடியைக் காப்பாற்ற முடியாது. முன் வரிசைத் தூண்களை எடுத்துவிட்டுச் சரியான இடத்தில் புதிதாகப் போடத்தான் வேண்டும். வலிக்கும், தெரியும். கம்பி, சிமென்ட், கூலி என்று கணவர் அனுப்பிய பணம் கண்முன் உடையும். ஆனாலும் எந்த பீமை எங்கே வெட்டுவது, புது அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதை மேஸ்திரி வாய்வார்த்தையில் விடாதீர்கள். கட்டிடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, வரைந்து கொடுக்கட்டும்.

நோட்டீஸுக்கு அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வேலையை நிறுத்திவிட்டேன், அளந்து திருத்தப்போகிறேன் என்று நாலு வரி போதும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “பார்த்துக்கொள்கிறேன்” என்று இடையில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ரசீதும் கிடைக்காது, தூணும் நகராது. வங்கிக் கடன் வாங்கியிருந்தால், அடுத்த தவணைக்கு அவர்களின் பொறியாளர் பிளானோடு வருவார் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஹாலுக்கு வருவோம். அந்த ஆசையில் தவறே இல்லை. தூணும் பீமும் வைத்துக் கட்டும் வீட்டில் உள்சுவர்கள் பெரும்பாலும் பாரம் தாங்குவதில்லை. ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே பிளானில் சுவர் இருந்தால், அதை எழுப்பாமல் விட முடியுமா என்று அதே பொறியாளரிடம் கேளுங்கள். முடியும் என்றால், சுவர் வேலை தொடங்கும் முன்பே அந்த மாற்றத்தைத் திருத்திய பிளானில் காட்டிவிடுங்கள். ரோட்டுப் பக்கம் ஓர் அங்குலம்கூட நகராமல், அந்த இரண்டரை அடி தருவதைவிடப் பெரிய ஹால் கிடைக்கும்.