ஒரிஜினலா, வெளிச்சந்தையா? கார் உதிரிபாகங்கள் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்பேர் பார்ட்ஸ் பற்றியவை. கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

7 ஆண்டு ஓடிய ஸ்விஃப்ட். முன் பிரேக் பேட் மாற்ற வேண்டும். ஷோரூம் விலையில் பாதிக்கு 'இம்போர்ட்டட்' பேட் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

இரண்டும் ஒன்றில்லை. அதற்காக ஷோரூம் பெட்டியில் வருவது மட்டும்தான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகள் பிரேக் பேடைத் தாங்களே செய்வதில்லை, அதற்கென்று இருக்கும் நிறுவனங்களிடம் வாங்குகின்றன. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறது, தன் சொந்தப் பிராண்டில் கடைகளுக்கும் விற்கிறது. ஆகவே கடையில் நான்கு வகைச் சரக்கு இருக்கும்: கார் கம்பெனியின் பெட்டியில் வருவது, கார் கம்பெனிக்குச் சப்ளை செய்பவர் தன் சொந்தப் பெயரில் விற்பது, வேறு நல்ல நிறுவனம் செய்தது, அப்புறம் யார் செய்தார் என்றே தெரியாதது. வாரன்டி முடிந்த காருக்கு நான் முதலில் தேடுவது இரண்டாவது வகையைத்தான். உங்கள் மெக்கானிக் காட்டுவது அநேகமாக நான்காவது வகை.

அந்தப் பேடைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் விளிம்பையோ பின்பக்கத் தகட்டையோ கவனியுங்கள். நீளமான எண்களோடு 'எஃப்எஃப்', 'எஃப்ஈ', 'ஜிஜி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பதையும் சொல்கிறது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப்ஈ' என்று போட்டிருந்தால் சூடேறச் சூடேறப் பிடி குறைகிறது என்று அர்த்தம். நீங்கள் கொடைக்கானல் மலைக்குப் பக்கத்தில் இருப்பவர். குடும்பத்தோடு இறங்கி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பெடல் மிதித்தும் வண்டி நிற்காமல் போவதற்கு இது ஒரு காரணம். இந்த எழுத்துகள் முழுத் தரச் சான்று அல்ல. பேட் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், தகட்டிலிருந்து உரிந்து வருமா என்பதை இவை சொல்லாது. ஆனால் எழுத்தே இல்லாத பேடை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உண்மையிலேயே ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த பேட் என்றால் வட்டத்துக்குள் 'ஈ' என்ற எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே ஆர் 90 என்ற விதியைக் குறிக்கும் '90ஆர்' என்று தொடங்கும் குறிப்பும் இருக்கும். ஒரிஜினல் பேடோடு ஒப்பிட்டால் பிரேக் பிடிப்பில் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது அந்த விதி. 'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. கப்பலில் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

"கம்பெனி மெட்டீரியல்தான், பெட்டி மட்டும் இல்லை, ஃபேக்டரியிலிருந்து நேரடியாக வருகிறது" என்று ஷாக் அப்சார்பர் காட்டுகிறார்கள். நம்பலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். கார் கம்பெனிக்காகச் செய்த பொருள் பெட்டியில்லாமல் வெளியே வருகிறது என்றால், சோதனையில் தேறாமல் ஒதுக்கிய சரக்காக இருக்க வேண்டும், அல்லது அந்தக் கதையே பொய்யாக இருக்க வேண்டும். எண்ணெய் சீல் சரியில்லை, அழுத்தம் அளவில் இல்லை என்று தள்ளியதாக இருக்கலாம். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது, அதுதான் ஆபத்து.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகர்)

ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் வாங்குகிறவர்கள் பெட்டியின் பளபளப்பையும் ஹாலோகிராமையும் பார்க்கிறார்கள். அச்சகம் இருப்பவருக்கு இரண்டையும் நகலெடுப்பது பெரிய காரியமில்லை. நான் முதலில் படிப்பது சிறிய எழுத்துகளை. இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருந்தாக வேண்டும் என்பது இந்தியச் சட்டம். இறக்குமதியாளர் முகவரியே இல்லாத 'ஜப்பான்' பேரிங்கை எடுக்காதீர்கள். பேரிங்கில் போலி அதிகம் என்பதால் எஸ்கேஎஃப் நிறுவனம் சரிபார்ப்பதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. படமெடுத்து அனுப்பிக் கேட்கலாம்.

ஆயில் ஃபில்டரில் சுலபமான சோதனை ஒன்று உண்டு. திருகும் முகப்பில் சுற்றி இருக்கும் சிறு துளைகளுக்குள் குச்சியை விட்டுப் பாருங்கள். பல ஃபில்டர்களில் உள்ளே ஒரு ரப்பர் மடல் தட்டுப்பட வேண்டும். இன்ஜின் நின்ற பிறகு எண்ணெய் வடிந்து கீழே போகாமல் தடுப்பது அதுதான். உங்கள் காரின் ஒரிஜினலில் மடல் இருந்து, வாங்கியதில் இல்லை என்றால், காலையில் ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் இன்ஜின் எண்ணெயில்லாமல் உராயும். இந்த ஃபில்டரில் மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். அதற்காக இன்ஜினைப் பணயம் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில்லில் பார்ட் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். போலி விற்பவர் அந்த இடத்தில்தான் தயங்குவார்.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

வெளியே செய்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்வது சரியல்ல என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு அது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வெளியே போட்ட பாகத்தால்தான் கோளாறு என்றால் அந்தச் செலவை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாரன்டி காலம் முடியும்வரை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்ஜின் விஷயத்தில் வழக்காடி ஜெயிக்கும்வரை கார் ஓடாமல் நிற்கும்.

என்னிடம் டொயோட்டா அக்வா. ஹைபிரிட் பட்டரி எச்சரிக்கை விளக்கு வருகிறது. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பட்டரி மலிவாகக் கிடைக்கிறது, சீனப் புதுசும் இருக்கிறது. எது நல்லது? (கொழும்பு வாசகர்)

ஜப்பானில் ஓடிய கார்களும் அவற்றின் பாகங்களும் நிறைந்த ஊர் உங்களுடையது, அதனால் 'ஜப்பான் பழசு' என்றால் ஒரு நம்பிக்கை. பேட்டரியில் அந்த நம்பிக்கை வேண்டாம். முதல் தலைமுறை அக்வாவின் பேட்டரி, 7.2 வோல்ட் கொண்ட 20 மாட்யூல்களை, அதாவது சிறு பேட்டரிகளை, தொடராக இணைத்த 144 வோல்ட் தொகுப்பு. ஒன்று பலவீனமானால் மொத்தமும் முடங்கும். ரீகண்டிஷன் என்று பெரும்பாலும் செய்வது செத்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது. மற்றவை அதே வயதுக் கிழம்தான், அடுத்தடுத்து விழும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், 20 மாட்யூலையும் தனித்தனியாகச் சோதித்து, ஒரே கொள்ளளவு உள்ளவற்றைச் சேர்த்திருக்கிறார்களா, அந்த அளவுகளை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஒட்டுப்போட்ட பழைய தொகுப்பைவிட, எல்லாம் புதிதாக வரும் சீனத் தொகுப்பு மேல் என்பது என் கருத்து. ஆனால் வாரன்டியை இலங்கையில் இருக்கும் இறக்குமதியாளர் எழுத்தில் தர வேண்டும், கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. காசு இருந்தால் டொயோட்டா புதுசுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் பின் இருக்கைப் பக்கம் இருக்கும் காற்றுத் துளையையும் விசிறியையும் பார்க்கச் சொல்லுங்கள். தூசி அடைத்துப் பேட்டரி சூடேறினாலும் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். புதுசு போட்டு விசிறியைச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவும் அப்படியே போகும். தயவுசெய்து வீட்டில் கழற்றாதீர்கள், 144 வோல்ட் ஆளைக் கொல்லும்.

விபத்தில் பம்பரும் ஹெட்லைட்டும் போய்விட்டன. தைவான் பாகம் போடலாமா? (மதுரை வாசகர்)

பம்பர் போடலாம். தைவானில் செய்யும் வெளிப்பாகங்களும் விளக்குகளும் உலகம் முழுக்கப் போகின்றன. அமெரிக்காவில் இவற்றைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே 1987 முதல் காப்பா என்ற அமைப்பு இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி ஒழுங்காக இல்லையென்றால் அப்போதுதான் திருப்பித் தர முடியும்.

ஹெட்லைட்டில் ஒரு கவனம். சாலையின் வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு, வெளிச்சத்தை வலது ஓரத்துக்கு ஏற்றி அடிக்கும். நம் ஊரில் எதிரே வருகிறவர் கண்ணில் நேராகப் படும். இரவில் சுவரில் அடித்துப் பாருங்கள், இடதுபக்கம்தான் வெளிச்சம் மேலே ஏற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கிளைம் என்றால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிப் பணம்தான் வரும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. கண்ணாடி மாற்றினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஏர்பேக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வேலூர் வாசகர்)

கூடாது. பழையதும் கூடாது, பெயர் தெரியாத புதுசும் கூடாது. மலிவான மாற்று இன்ஃபிளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதில் ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2024ல் எச்சரித்தது. அவை சாதாரணமாகத் தப்பியிருக்கக்கூடிய விபத்துகள். கதவுக் கைப்பிடி, இருக்கை, கண்ணாடி இறக்கும் மோட்டார் இதெல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்குங்கள். ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டீயரிங் டை ராட், பால் ஜாயின்ட், டைமிங் பெல்ட் இவற்றுக்கு மட்டும் பெட்டியோடும் பில்லோடும் புதுசு வாங்குங்கள். இப்போது கையில் பணமில்லை என்றால் ஏர்பேக் போடும்வரை காரை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.