ஏபி உலக வரலாற்றில் ‘டிபிக்யூ’ என்றால் என்ன?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடங்கள்தான் ஏபி. அதில் உலக வரலாறு எடுத்தவர்களைக் கலங்கடிப்பது டிபிக்யூ, அதாவது ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரை: 7 ஆவணங்கள், 60 நிமிடம், அதில் 15 நிமிடம் வாசிக்கவே சரியாகிவிடும்.

ஏன் இப்படி? ஆண்டுகளை ஒப்பிப்பது வரலாறு இல்லை. யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று துருவுவதுதான். வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் அண்ணன் ஒன்று சொல்வான், தங்கை வேறொன்று சொல்வாள், அம்மா இருவர் முகத்தையும் பார்த்துத்தானே முடிவுக்கு வருவார்? அபினி வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி 1839இல் சீன அதிகாரி லின் ட்செசூ விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்தையும், அதே அபினியை விற்ற வணிகரின் கடிதத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அப்புறம், ஆவணங்களைச் சுருக்கி எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, உங்கள் வாதம் வேண்டும்.