நாய்க்குக் கருத்தடை: 4,500-ஆ, 11,000-ஆ?

கேள்வி: ஏழு மாதப் பெண் நாட்டு நாய் வளர்க்கிறோம். கருத்தடை ஆபரேஷனுக்கு ஒரு கிளினிக்கில் 4,500 ரூபாய், இன்னொன்றில் 11,000 ரூபாய் சொல்கிறார்கள். எதை நம்புவது? 'பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே' என்கிறார் மாமியார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஈற்று ஈன்றால்தான் நாய்க்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. முதல் பருவத்துக்கு (இணை சேரத் தயாராகும் காலம்) முன்பே கருத்தடை செய்தால் மடியில் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பருவங்கள் கடக்கக் கடக்க அந்தப் பலன் தேய்ந்துவிடும். செய்யாமல் விட்டால், வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படிச் சீழ் கோத்தால், பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் தண்ணீராகக் குடிக்கும், சோற்றைத் தொடாது. கருத்தடையில் எடுக்கும் அதே கர்ப்பப்பையைத்தான் அப்போதும் எடுப்பார்கள். ஆனால் துவண்ட உடம்பில், அவசரமாக, பல மடங்கு செலவில். குட்டி போட்டாலோ, 63 நாளில் ஐந்தாறு வந்து நிற்கும். பெண் குட்டி என்றதும் கேட்டவர்கள் நழுவுவதைப் பார்த்திருப்பீர்களே!

இனி பில். குறைந்த தொகையில் ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், வலி ஊசி, கழுத்துக் கோன் (தையலை நக்காமலிருக்க மாட்டும் கூம்பு), தையல் பிரிப்பது எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் வித்தியாசம் பாதியாகக் குறையலாம். கூடுதல் தொகை கேஸ் மயக்கம் (மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து), இதயத் துடிப்பைக் கவனிக்கும் மானிட்டர், லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) போன்றவற்றுக்காக இருக்கலாம். இளம், ஆரோக்கியமான நாய்க்கு லேப்ராஸ்கோபி கட்டாயமில்லை. ரத்தப் பரிசோதனையிலும் வலி மருந்திலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாம் சேர்த்துத்தான் மேடம்' என்ற வாய்ப்பேச்சு பில் போடும்போது நிற்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். அரசு இடம், காத்திருக்கத்தான் வேண்டும்.

பருவத்தில் இருக்கும்போது வேண்டாம். அப்போது ரத்த நாளங்கள் புடைத்திருக்கும். முடிந்து இரண்டு, மூன்று மாதம் போகட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு நடுங்கும், முனகும். பழைய போர்வை போதும். கோனோடு கதவு நிலையில் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனம் இளகிக் கழற்றிவிடாதீர்கள். ஒரே இரவில் தையலை நக்கிப் பிரித்துவிடும்.

ஆபரேஷன் அன்று வெறும் வயிறு. எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார். பிஸ்கட் டப்பாவை அன்று மட்டும் மாமியாருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.