கரன்ட் போனால் கத்தும் மீன்

அன்புள்ள ஐயா,

கொளத்தூரில் வாங்கி வந்த நான்கு கௌராமி மீன்கள் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கின்றன. பழுப்பு நிறம், உடம்பில் நீளவாக்கில் கோடுகள். இரவில் கரன்ட் போனால் தொட்டிக்குள்ளிருந்து 'கிர்ர்... கிர்ர்' என்று சத்தம் வருகிறது. கரன்ட் வந்ததும் நின்றுவிடுகிறது. மீன் அழுவது வீட்டுக்கு ஆகாது, யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். மீனுக்கு ஏதாவது வலியா? பிரித்து விடவேண்டுமா?

கே., அம்பத்தூர்

அன்புள்ள கே.,

வலி இல்லை, சண்டை. நீங்கள் சொல்லும் நிறத்தையும் கோட்டையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பது டிரைகாப்சிஸ் விட்டாட்டா என்ற கௌராமி வகை. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்துச் சின்ன மீன். கத்துவதற்கென்றே பேர் போனது.

இந்தச் சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. செவுளுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் துடுப்பில் தடித்த தசைநாண்கள் உண்டு. துடுப்பை வேகமாக அடிக்கும்போது அவை துடுப்பு முள்ளின் மேட்டில் இழுபட்டு விடுபடுகின்றன, தம்புராத் தந்தியைச் சுண்டுவதுபோல. இரு துடுப்பும் மாறி மாறி அடிக்க, நமக்குக் கேட்பது அந்த 'கிர்ர்'. வியன்னா பல்கலைக்கழகத்தில் ஃப்ரீட்ரிஷ் லாடிக் இந்த மீன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இரண்டு மீன்கள் பக்கவாட்டில் நின்று, துடுப்பை விரித்து, சுற்றிச் சுற்றி வந்து கத்தும். உடம்பு பெருத்ததன் குரல் கனத்தும் உரத்தும் இருக்கும். பல சமயம் கடிபடாமலே ஒன்று ஒதுங்கிவிடும். பெண்ணும் கத்தும். முட்டையிடும் முன் அது எழுப்பும் ஒலி வேறு, மிக மெல்லியது. அதைக் கேட்க நேர்ந்தால் மாமியாரையும் கூப்பிடுங்கள், நல்ல சகுனம் என்று சொல்லிவிடலாம்.

இனி கரன்ட் விஷயம். கரன்ட் வந்ததும் மீன் வாயை மூடிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏர் பம்ப் ஓடத் தொடங்கியதும் உங்களுக்குக் கேட்காமல் போகிறது, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது இதுதான்: அந்த இரைச்சல் நமக்கு அறையின் மூலையில் இருக்கிறது, மீனுக்கோ அதுதான் வீடு. இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கும் அறை ஒன்று உண்டு. மூச்சுக்காக அமைந்த அது, பக்கத்திலிருக்கும் காதுக்கும் உதவுகிறது. காற்று அதிர்வதால் ஒலி நன்றாக எட்டும். கூர்மையாகக் கேட்பது 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் அதிர்வுகள்), தன் இனத்தின் குரல் விழும் இடத்தில்.

மீன் செவிடு என்று நெடுங்காலம் நம்பியவர்கள் அறிஞர்களிலும் இருந்தார்கள். கார்ல் ஃபான் ஃப்ரிஷ், தேனீ நடனத்தால் பின்னாளில் நோபல் வாங்கியவர், கண் தெரியாத ஒரு கெளுத்தி இன மீனை விசில் சத்தத்துக்கு வரப் பழக்கி 1923இல் அதைப் பற்றி எழுதினார். வடிகட்டியின் இரைச்சலில் தங்க மீனுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை என்பதையும் பிற்பாடு அளந்துவிட்டார்கள். (மட்டக்களப்புப் பாடும் மீனைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அது தனிக் கடிதத்துக்கான கதை.)

பிரிக்க வேண்டாம். துடுப்பு கிழிந்திருந்தால் மட்டும் தோற்றதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மற்றபடி செடியை நெருக்கமாக வையுங்கள், ஒளிய இடம் இருந்தால் போதும். ஏர் பம்பைத் தொட்டியிலோ அதன் ஸ்டாண்டிலோ ஒட்டி வைக்காமல், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அலமாரியில், ஸ்பாஞ்ச் துண்டின்மேல் வையுங்கள். இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால் குமிழியை நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடம் விடுங்கள்.