கசப்புக்குக் காசா?

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்தோடு கியோட்டோ போயிருந்தோம். தேநீர்ச் சடங்கு என்று ஒரு மணி நேரம் மண்டியிட்டு உட்கார வைத்தார்கள். சுத்தமாக இருந்த சாமான்களையே துடை துடை என்று துடைத்தார்கள். கடைசியில் கிண்ணத்தின் அடியில் நாலு வாய் பச்சைக் கசப்பு. சர்க்கரை கேட்டால் சிரிக்கிறார்கள். ஆளுக்கு மூவாயிரம் யென்! இது சுற்றுலாப் பயணிகளை மொட்டையடிக்கும் வேலைதானே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: சரி, பெயரைப் போடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். டீக்கு முன்னால் ஒரு இனிப்பு வைத்திருப்பார்களே, அதை என்ன செய்தீர்கள்? டீ வந்தபிறகு கடித்துக்கொள்ளலாம் என்று ஓரமாக ஒதுக்கினீர்களா? அங்கே இனிப்பை முதலிலேயே தின்று முடித்துவிட வேண்டும். நாக்கில் அந்தத் தித்திப்பு இருக்கும்போதே கசப்பு வந்து இறங்கும். நீங்கள் கேட்ட சர்க்கரை உங்களுக்கு முன்பே வந்தாயிற்று.

அந்தப் பச்சைத் தூளும் நம் டீத்தூள் மாதிரி வடித்துக் கொட்டுகிற சரக்கு இல்லை. பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்து, இலையையே மாவாக அரைப்பது. கிண்ணத்துக்கு இரண்டு கிராம் போட்டால் இரண்டு கிராமும் வயிற்றுக்குள் போகிறது. பிறகு கசக்காமல் என்ன செய்யும்?

துடைத்த விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் உள்ளே கழுவி வைத்துவிட்டுத்தான் கொண்டு வருகிறார்கள். உங்கள் கண்ணெதிரே பட்டுத்துணியை மடித்து, தூள் எடுக்கும் மூங்கில் கரண்டியை இன்னொரு முறை துடைப்பது, 'இது உங்களுக்காக' என்று வாயால் சொல்லாமல் சொல்வது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொட்டுவதில் வேறு ஒரு காரியமும் ஆகிறது: கிண்ணம் சூடாகும், மூங்கில் மத்தின் இழைகள் இளகும். இந்தச் சடங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சானோயு. அதற்கு 'டீக்கான வெந்நீர்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் 16ஆம் நூற்றாண்டின் சென் நோ ரிக்யூ. அவர் அமைத்ததாகக் கருதப்படும் அறை கியோட்டோவை அடுத்த ஒயமசாக்கியில் இன்றும் இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கும் இடம். இத்தகைய அறைகளின் வாசல் பொதுவாக 66 செ.மீ. உயரம்தான். சாமுராயானாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். நாடாண்ட ஹிடெயோஷிக்கே டீ போட்டுக் கொடுத்தவர் ரிக்யூ. அதே ஹிடெயோஷி 1591இல் அவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னார். ஏன் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

முட்டி வலி நியாயம்தான். எனக்கும் மரத்துப் போய், எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் காலைத் தளர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் 'தாராளமாக' என்பார்கள். மேசை நாற்காலி போட்டு நடத்தும் முறையும் உண்டு. 1872இல் கியோட்டோவில் நடந்த கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காகவே அதை உருவாக்கினார்கள். உங்கள் முட்டிக்கு 150 வருடம் முன்பே வழி பண்ணியிருக்கிறார்கள், நீங்கள் கேட்கவில்லை.

உள்ளே போகும்போது வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். திருட்டு பயம் போலிருக்கிறது என்று பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிண்ணத்தில் கீறல் விழக்கூடாதாம்! அப்புறம்தான் புரிந்தது, அங்கே விருந்தாளிக்கும் வேலை இருக்கிறது. கிண்ணத்தின் அழகான பக்கத்தை உங்களைப் பார்த்து வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் வாய் படாதபடி லேசாகத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும். கடைசி வாயை, நம் வீட்டில் அம்மா திட்டுவாளே அந்த மாதிரி, சத்தமாக உறிஞ்ச வேண்டும். முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு குனிந்து, கிண்ணத்தைத் தரையை ஒட்டியே பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மொட்டையடிப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிமோனோ மாட்டிவிட்டு, போட்டோ எடுத்து, இருபது நிமிடத்தில் வெளியே அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. முறைப்படி நடத்தினால் சாப்பாடு, கெட்டி டீ, நீர்த்த டீ என்று நாலு மணி நேரம் ஆகும். உங்களுக்குக் கிடைத்தது அதன் கடைசிப் பகுதி மட்டும்தான். அதையும் நீங்கள் காசு கொடுத்த வாடிக்கையாளராகவே உட்கார்ந்து முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கடிதத்தில் விலை இருக்கிறது, முட்டி இருக்கிறது, கிண்ணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது என்ன நிறம், அழகான பக்கம் எது என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பெயரோடு பிரசுரிக்கிறேன்.