பால்கனில் இரண்டு ரயில் போதும், மீதிக்கு பஸ்

கேள்வி: நானும் என் தங்கையும் வரும் செப்டம்பரில் பதினாறு நாள் பால்கன் நாடுகளைச் சுற்றத் திட்டமிடுகிறோம். ஊர் கோயம்புத்தூர், இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். குரோஷியாவின் சாக்ரெபில் இறங்கி, பொஸ்னியா, செர்பியா, மொண்டெனேகுரோ வழியாக அல்பேனியாவின் டிரானாவில் முடிக்க எண்ணம். ஐரோப்பா என்றால் ரயில்தான் மலிவு, பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எடுக்கலாமா? ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விசா வேண்டுமா? ஒருவருக்கு நாளுக்கு 50 யூரோவுக்குள் முடியுமா?

பதில்: பாஸ் வேண்டாம். விசா ஒன்றே போதும், ஆனால் அது எந்த வகை விசா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். 50 யூரோ போதும், குரோஷியக் கடற்கரையில் மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் வழியில் குரோஷியா ஒன்றுதான் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் ஒன்று, 2023 ஜனவரி 1 முதல். ஆகவே விண்ணப்பம் குரோஷியாவுக்குத்தான். அதில் மல்டிபிள் என்ட்ரி, அதாவது பலமுறை நுழையும் அனுமதி கேளுங்கள். மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களைப் பொஸ்னியா தனி விசா கேட்காமல் 30 நாள் வரை அனுமதிக்கிறது. செர்பியாவுக்கும் மொண்டெனேகுரோவுக்கும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் சரி. இந்தியர்கள் செர்பியாவுக்கு விசாவே இல்லாமல் போகலாம் என்று சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சலுகை 2023 பிறந்ததோடு முடிந்துவிட்டது, அதை நம்பி இறங்காதீர்கள். அல்பேனியாவின் நிபந்தனை இரண்டு: விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும், ஷெங்கனுக்குள் ஒருமுறையாவது அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். சாக்ரெபில் இறங்கும்போதே உங்களுக்கு இரண்டாவது நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆனால் 2025 அக்டோபரில் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் புகைப்படமும் பதியும் முறை தொடங்கிவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமலும் போகலாம். போர்டிங் பாஸையும் சாக்ரெப் விடுதி ரசீதையும் கடைசிவரை தூக்கிப் போடாதீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் விசாவின் தேதிகள். குரோஷியாவில் தங்கப்போகும் நான்கு நாளை மட்டும் விண்ணப்பத்தில் காட்டினால், அந்த நான்கு நாளை ஒட்டியே விசா கிடைக்க வாய்ப்புண்டு. அப்புறம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருக்கும்போது விசா காலாவதியாகிவிடும், மொத்தத் திட்டமும் படுத்துவிடும். கவரிங் லெட்டரில் பதினாறு நாள் பயணத்தையும் ஊர்வாரியாக எழுதுங்கள். எந்தெந்த நாடு இந்த விசாவை ஏற்கிறது, அதனால் ஏன் மல்டிபிள் என்ட்ரி தேவை, டிரானாவில் விமானம் ஏறும் தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். திரும்பும் விமானத்தை இஸ்தான்புல் வழியாகப் போட்டால் மறுபடி ஷெங்கனைத் தொட வேண்டியதில்லை. விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் நான்கு நாட்டு வெளியுறவு அமைச்சக இணையதளங்களிலும் இன்றைய விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

சிங்கிள் என்ட்ரிதான் கிடைத்தது என்றால் பொஸ்னியாவுக்குள் கால் வைக்காதீர்கள். ஸ்லோவேனியாவையும் குரோஷியாவையும் மட்டும் நிதானமாகப் பாருங்கள். அப்போது குரோஷியக் கடற்கரையில் ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் பஸ் எந்த வழியாகப் போகிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு வெளியே போக வேண்டாம். நெயும் வழியாகப் போனால் அது பொஸ்னிய மண்.

இப்போது ரயில். பழைய யூகோஸ்லாவியா உடைந்தபோது ரயில் பாதைகளும் எல்லைக்கு எல்லை துண்டாகின. பிறகு பராமரிப்புக்குப் பணமில்லாமல் ஒவ்வொன்றாக ஓட்டம் நின்றது. இன்று பொஸ்னியத் தலைநகர் சராயேவோவுக்கு வெளிநாட்டிலிருந்து வழக்கமான ரயில் எதுவும் கிடையாது. டுப்ரோவ்னிக்கில் தண்டவாளமே இல்லை. டிரானா ரயில் நிலையத்தை 2013இல் இடித்தே விட்டார்கள். பெரியவர்களுக்கான யூரெயில் குளோபல் பாஸ், இருப்பதிலேயே சிறியதுகூட 250 யூரோவைத் தாண்டும். உங்கள் மொத்த வழிக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ரயிலும் பஸ்ஸும் சேர்ந்து ஆளுக்கு 130 முதல் 150 யூரோ ஆகும். பாஸை பஸ்ஸில் காட்டவும் முடியாது.

ஆனாலும் இந்த வழியில் இரண்டு ரயில் பயணங்களைத் தவறவிடக் கூடாது.

முதலாவது பொஸ்னியாவுக்குள்ளேயே, மோஸ்டாரிலிருந்து சராயேவோ. இரண்டு மணி நேரம், ஏழு யூரோவை ஒட்டிய டிக்கெட். நெரெத்வா ஆற்றின் பள்ளத்தாக்கிலேயே ரயில் போகும், கோனியிட்ஸ் தாண்டியதும் வளைந்து வளைந்து மலையேறும். நாளுக்கு ஒன்றிரண்டு ரயில்தான் இருக்கும். 2024 அக்டோபரில் யாப்லானிட்சா பக்கம் வந்த பெருவெள்ளமும் மண்சரிவும் இந்தப் பாதையைத் துண்டித்தன. அதனால் மோஸ்டார் போன அன்றே நிலையத்துக்கு நடந்து போய், மறுநாள் ரயில் உண்டா என்று கவுண்ட்டரில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பஸ் நிலையம் பக்கத்துக் கட்டடம்தான். பஸ்ஸும் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகும்.

இரண்டாவது, பெல்கிரேடிலிருந்து மொண்டெனேகுரோவின் கடற்கரை ஊரான பார் வரை போகும் பெல்கிரேடு–பார் பாதை. எனக்கு ஐரோப்பாவிலேயே மிகவும் பிடித்த ரயில் பாதை இது. 1976இல் திறந்தார்கள், 476 கிலோமீட்டர், 250க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். கொலாஷின் நிலையத்தில் பாதை கடல் மட்டத்திலிருந்து 1,032 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மொண்டெனேகுரோவின் தலைநகர் பொட்கோரிட்சா இருக்கும் சமவெளிக்கு மலையின் விலாவைப் பிடித்தபடி இறங்கும்போது, மொராச்சா ஆற்றுப் பள்ளம் வெகு கீழே தெரியும். சுரங்கம், வெளிச்சம், மறுபடி சுரங்கம் என்று மாறி மாறி வரும். அந்த இறக்கத்தில்தான் மாலா ரியேகா பாலம் இருக்கிறது. அடியிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகின் மிக உயரமான ரயில் பாலம் இதுதான்.

பகல் ரயில் கோடையில் மட்டுமே ஓடுகிறது. நீங்கள் போகும் செப்டம்பரில் பெரும்பாலும் இரவு ரயில்தான் கிடைக்கும். ஆகஸ்ட் மத்திக்குத் தேதியை மாற்ற முடிந்தால் பகல் ரயிலிலேயே போகலாம், ஆனால் ஆகஸ்டில் ஸ்ப்ளிட்டில் அறை வாடகை எகிறும். நான் சொல்வது வேறு வழி. செப்டம்பரிலேயே போங்கள், இரவு ரயிலில் படுக்கை எடுத்துப் பொட்கோரிட்சாவில் இறங்குங்கள். படுக்கையோடு சேர்த்து ஆளுக்கு 30 யூரோ வரும், ஒரு ராத்திரி விடுதி வாடகை மிச்சம். மறுநாள் காலை, பியெலோ போலியே போகும் உள்ளூர் ரயிலில் கொலாஷின் வரை ஏறி, மதியம் திரும்புங்கள். அதே பாலம், அதே பள்ளத்தாக்கு, முழுப் பகல் வெளிச்சத்தில், சில யூரோ செலவில். ஏறும்போது இடப்பக்க ஜன்னல், இறங்கும்போது வலப்பக்கம்.

பெல்கிரேடிலிருந்து வரும் ரயில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் பொஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வரும். நிற்காது, சோதனையும் இல்லை, விசாக் கவலை வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத் தாமதம் சாதாரணம். போய்ச் சேரும் அதே நாளில் விமானமோ, முன்பதிவு செய்த பஸ்ஸோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

மீதி எல்லாம் பஸ். சாக்ரெப்–ஸ்ப்ளிட் ரயிலும் உண்டு, ஆனால் பஸ் ஐந்து மணி நேரத்தில் சேர்த்துவிடும், எண்ணிக்கையும் அதிகம். ஸ்ப்ளிட்–மோஸ்டார் சுமார் நான்கு மணி நேரம். சராயேவோவில் கவனம் தேவை: அங்கே இரண்டு பஸ் நிலையங்கள். பெல்கிரேடு பஸ்கள் பலவும் ஊருக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை, கிழக்கு சராயேவோ நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்து, டாக்சிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெல்கிரேடிலும் பஸ் நிலையம் 2024இல் புதிய பெல்கிரேடு பகுதிக்கு மாறிவிட்டது, பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் முகவரி உதவாது. அங்கே நகரப் பேருந்தும் டிராமும் 2025 முதல் இலவசம் என்பது நல்ல செய்தி.

இணையத்தில் பார்க்கும் நேர அட்டவணையை முழுக்க நம்ப வேண்டாம். முதல் நாளே நிலையத்துக்குப் போய் கவுண்ட்டரில் வாங்கும் டிக்கெட்தான் உறுதி. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறையும். பெட்டியை அடியில் வைக்க ஒன்றிரண்டு யூரோ தனியாகக் கேட்பார்கள், அதைச் சில்லறையாகத்தான் எதிர்பார்ப்பார்கள். எல்லையைத் தாண்டும் இரவு பஸ்ஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நள்ளிரவில் இரண்டு சோதனைச் சாவடிகளில் எழுப்பி விடுவார்கள், தூக்கமும் போகும், மறுநாளும் வீண்.

எல்லையில் பெரும்பாலும் கண்டக்டரே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அடுக்காக வாங்கிக்கொண்டு போவார். உள்ளூர்க்காரர்களுடையது உடனே திரும்பும், உங்களுடையது கடைசியில் வரும். அதிகாரி விசா எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். விசா ஒட்டிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கொடுத்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

செலவைப் பார்ப்போம். போக்குவரத்து நாளுக்குப் பத்து யூரோவுக்குள் அடங்கிவிடும். சராயேவோவிலும் பெல்கிரேடிலும் இருவருக்கு ஒரு அறை 40 யூரோ அளவில் கிடைக்கும், ஆளுக்கு 20. சாப்பாட்டுக்குப் பதினைந்து தாராளம். ஸ்ப்ளிட்டில் இதெல்லாம் ஒன்றரை மடங்கு ஆகும், அதனால் அங்கே ஓர் இரவைக் குறைத்துச் சராயேவோவுக்குக் கொடுங்கள். குரோஷியாவிலும் மொண்டெனேகுரோவிலும் யூரோ. பொஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.96 என்று நிலையான மதிப்பு. அந்த மார்க்கை வெளியே மாற்றுவது கஷ்டம், தேவைக்கு மட்டும் எடுங்கள்.

சைவம் என்றால் பொஸ்னியாவில் புரெக் என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கே அது இறைச்சி வைத்ததுதான். சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது செல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது குரொம்பிருஷா. காலையில் சூடாக ஒன்று வாங்கினால் மதியம் வரை தாங்கும். செர்பியாவில் பீன்ஸை அடுப்பில் வைத்துச் செய்யும் பிரெபரனாட்ஸ் கேளுங்கள், இறைச்சித் துண்டு போட்டிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பொட்கோரிட்சாவிலிருந்து அல்பேனியாவுக்கு ரயில் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் பஸ் நிலையத்தில் ஏறி ஷ்கோடர் போங்கள், அங்கே ஒரு நாள் தங்குங்கள். அங்கிருந்து டிரானாவுக்கு அடிக்கடி பஸ் உண்டு, இரண்டு மணி நேரம். கொசோவோ போக ஆசை வந்தால் இந்தக் கடைசிக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், விசா விதியை மட்டும் தனியாகப் பாருங்கள். செர்பியாவுக்கு முன்னால் சேர்க்காதீர்கள். அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் நுழைந்துவிட்டு அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குப் போனால், அதை முறையான நுழைவாகச் செர்பியா ஏற்பதில்லை, எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போதைக்கு ரத்து செய்யக்கூடிய விடுதிகளை மட்டும் போட்டு வையுங்கள். விசா கைக்கு வந்ததும் விமானம், அப்புறம் சாக்ரெப்–ஸ்ப்ளிட் பஸ். மற்ற டிக்கெட்டையெல்லாம் அந்தந்த ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். இரவு ரயில் படுக்கைக்கு மட்டும், பெல்கிரேடு போய் இறங்கிய அன்றே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.