அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார்களே, இந்தியாவில் துப்பாக்கி உரிமம் இருந்தால் நாமும் செய்யலாமா?

கூடாது. உரிமம், துப்பாக்கி வைத்திருக்கவும் தோட்டா வாங்கவும்தான்; தயாரிக்க அல்ல.

வேலை என்னவோ எளிதுதான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து பழைய பிரைமரை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளிவிட்டு, புதியதைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டை அழுத்திச் செருக வேண்டும். மேசையில் பூட்டிய ஒரு கைப்பிடி பிரஸ் (அழுத்தும் கருவி) போதும். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்றுப் பிழைக்க நினைத்தால் கேட்கும்.

இங்கே 1959 ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரத்தையும்கூடத் தோட்டா என்றே கணக்கில் எடுக்கிறது. பலர் கவனிக்காத இடம் இதுதான். அப்புறம், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். தயவுசெய்து ஆன்லைனில் பிரஸ் தேடாதீர்கள்.